எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ்: வைகாசியில் தாங்குமா?

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்கு மதர்போர்டிடம் பெரிய ஆசை எதுவும் கிடையாது. எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக்கும் ரெண்டருக்கு ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது ஃபைல் முழுசாக இருக்க வேண்டும். நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் சீரும் இணைச்சீருமே மணிக்கணக்கில் ஓடும். எதை வெட்டினாலும், "ஏனுங் தம்பி, எங்க அப்புச்சி சீர் கொண்டாந்ததக் காணமுங்க?" என்று போன் வந்துவிடும். அதனால் எதையும் வெட்டுவதில்லை. ப்ராசசர்தான் இழுக்கிறது.

ஸ்டூடியோ சென்னிமலையில், விசைத்தறிப் பட்டறையை ஒட்டிய அறை. ஏசி இல்லை. ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதத்தில்தான் முகூர்த்தமும் குவிகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து சோதித்த எண்களை வைத்து எனக்கு ஒன்றும் ஆகாது என்பதால், டோமஹாக் மேக்ஸ் என்ற இந்த மதர்போர்டை மத்தியான வெயிலிலேயே வதைத்துப் பார்த்தேன். உடன் இருப்பவை ரைசன் 5 3600 ப்ராசசர், இரண்டு 16 ஜிபி டிடிஆர்4 ரேம், சாதாரண டவர் கூலர்.

முதலில் ப்ராசசர். சுமை ஏறும்போது அதற்குப் போகும் வோல்டேஜ் சற்று இறங்கும், பக்கத்தில் தறி மோட்டார் எடுக்கும்போது பல்பு மங்குவது மாதிரி. அந்த இறக்கத்தைச் சமாளிப்பது விஆர்எம் என்ற, போர்டில் ப்ராசசருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பகுதியின் வேலை. இதில் ப்ராசசருக்குள் கணக்குப் போடும் கோர்களுக்கு 4 பேஸ்தான், அதாவது சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கரண்ட் வழிகள் நான்குதான், எண்ணிக்கையில் பெரிதில்லை. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் பேருக்கு ஒட்டிய தகடு இல்லை, நல்ல கனம். ப்ராசசரை முழுச் சுமையில் வதைக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டி, சூடு காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் 'மாஸ்' என்று வரும் விஆர்எம் சூட்டைப் பார்த்தபடியே இருந்தேன். அந்தப் புழுக்கத்திலும் 80 டிகிரியை ஒட்டி நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து ஓவர்கிளாக், அதாவது கையால் வேகம் ஏற்றுவது: எல்லா கோரையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் பூட்டி 1.3 வோல்ட் கொடுத்தேன். காலையில் சமர்த்தாக ஓடியது, மத்தியானம் பிரைம்95 பிழை காட்டியது. 1.35-க்கு ஏற்றியதும் பிழை போனது, ஆனால் ப்ராசசரின் எல்லையான 95 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இத்தனைக்கும் லாபம், ஒரு மணி நேர ரெண்டரில் மூன்று நான்கு நிமிடம். அந்தச் சிப் தானாகவே ஒற்றை கோரில் 4.2 வரை எட்டிவிடும். போர்டு மேல் குறை இல்லை, இந்தச் சிப்பில் கையால் ஏற்றுவதற்கு மிச்சமே இல்லை. ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

ரேம் விஷயம் வேறு. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் ஏ-எக்ஸ்எம்பியைத் தட்டாமல் விட்டால், 3200 என்று எழுதிய ரேமும் 2133-லோ 2400-லோ சோம்பிக் கிடக்கும். இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகி அதைத் தட்டியதும் ஒரே ரீஸ்டார்ட்டில் 3200 வந்தது. ரைசனின் உள் இணைப்பும் ரேமின் கடிகாரமும் 1:1 ஆக ஓடினால்தான் வேகம். ரேமை 3600-க்கு ஏற்றினால் அதன் நிஜக் கடிகாரம் அதில் பாதிதான், அந்த இணைப்பும் 1800 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அதையும் பார்த்தேன். விண்டோஸ் திறந்தது, எடிட் செய்யும் பிரீமியரும் திறந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மட்டும் சூடேறிய பிறகு பிழைகளைச் சிவப்பாகக் கொட்டியது. விண்டோஸ் திறந்தாலே ஸ்டெடி என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ரேம் தப்பினால் ரெண்டர் நிற்காமல் முடிந்துவிடும், தாலி கட்டும் ஃப்ரேமில் பச்சைக் கோடு வந்திருக்கும். 1.38 வோல்ட்டில் 3466 சுத்தமாகத் தேறியது. அதிலேயே ஓடுகிறது. 3600 தேறாததற்கு நான் ரேமைத்தான் சந்தேகிக்கிறேன்.

இப்படி நோண்டும்போது போர்டு நடந்துகொள்ளும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரேம் படியவில்லை என்றால் சில தடவை தானே முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அப்படியும் முரண்டு பிடித்தால் ஜேபேட்1 என்ற இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் போதும், பயாஸில் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடும். எங்கே சிக்கல் என்று காட்ட ப்ராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, பூட் என நான்கு குட்டி விளக்குகள். பின்பக்கம் பயாஸ் பட்டன் இருக்கிறது, ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றலாம்.

வேகமான எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான், வைஃபை கிடையாது. ஆடியோ சுமார். பஞ்சுத் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் அடைந்துகொள்ளும், ப்ளோயர் அடிக்காவிட்டால் மேலே சொன்ன 80 எல்லாம் பொய். யுபிஎஸ் இல்லாமல் தறிப்பட்டறைப் பக்கம் எந்த போர்டையும் சோதிக்காதீர்கள், கரண்ட் செய்கிற கோளாறுக்குப் பயாஸைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

2019 மாடல், புதுசாகக் கிடைப்பது கஷ்டம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் பிரைம்95 ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பயாஸ் புதுப்பித்தால் ரைசன் 7 5700எக்ஸ் போடலாம். அதுவும் என் 3600 மாதிரி 65 வாட் ரகம்தான், அடுத்து நான் மாற்றப்போவது அதற்குத்தான். 105 வாட் 5900எக்ஸையும் இந்த போர்டு ஏற்கும் என்கிறார்கள். ஏற்கட்டும், வைகாசியில் இந்த அறையில் நான் போட மாட்டேன்.