சாயமா, என்.பி.ஐ.யா, ஏஐ-யா: கொலோனோஸ்கோபியில் பாலிப்பைப் பிடிப்பது எது?

கொலோனோஸ்கோபியில், அதாவது கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையில், பாலிப் (குடல் சவ்வில் வளரும் சிறு கட்டி) தப்பிவிட இரண்டு வழிகள் உண்டு. மடிப்புக்குப் பின்னாலோ கழிவுக்கு அடியிலோ கிடந்து கேமராவுக்கு முன்னால் வராமலே போவது ஒன்று. திரையில் வந்தும், சுற்றியுள்ள சவ்வின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்புவது மற்றொன்று. ஒரே நோயாளியை அடுத்தடுத்து இருமுறை சோதித்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, முதல் முறை ஏறத்தாழ நான்கில் ஒரு அடினோமா விடுபட்டிருந்தது. அடினோமா என்பது புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப். சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய முறை சாயம். இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் செல்லுக்குள் இறங்காது. பள்ளங்களில் தேங்கி, தட்டையான பாலிப்பின் விளிம்பைத் துலக்கிக் காட்டும். குடல் முழுக்கத் தெளிக்க நேரம் பிடிக்கும் என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்ணாகும் நீண்டகால அழற்சி) உள்ளவருக்கு என் ஓட்டு சாயத்துக்கே.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் என்.பி.ஐ., அதாவது குறிப்பிட்ட சில அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சிப் பார்க்கும் முறை, ஒரு பொத்தானில் வந்துவிடும். 415, 540 நானோமீட்டர் ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் கருமையாக எடுத்துத் தெரியும். கண்ட பாலிப் அடினோமாவா, ஆபத்தில்லாததா என்று பிரித்தறிவதில் இது கெட்டி. தேடிப் பிடிப்பதில், நல்ல ஹெச்.டி. கேமராவின் வழக்கமான வெள்ளொளியைவிடச் சற்றுத்தான் கூடுதல், அதுவும் குடல் சுத்தமாக இருந்தால். மிச்சமிருக்கும் கழிவுநீர் இந்த ஒளியில் ரத்தம்போல் சிவந்து பார்வையை மறைக்கும். ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் இதுபோன்ற ஒளிமுறையான எல்.சி.ஐ. இன்னும் வெளிச்சமானது, சிவப்பு நிற வேறுபாடுகளைத் தூக்கிக் காட்டும்.

ஏஐ, சந்தேகப்படும் இடத்தைத் திரையிலேயே கட்டம் போட்டுக் காட்டுகிறது. 2019-இல் வெளியான ஒரு சீன ஆய்வில், அடினோமா கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 20.3-லிருந்து 29.1 சதவீதமாக உயர்ந்தது. கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஆனாலும் களைத்த கண்ணுக்கு இது பெரிய துணை. வழக்கமான பரிசோதனைக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இவை மூன்றுமே இரண்டாவது வழியைத்தான் அடைக்கின்றன. மடிப்புக்குப் பின்னால் இருப்பதை ஏஐ-யாலும் காட்ட முடியாது. அதற்கு மருத்துவர் கருவியை நிதானமாகப் பின்னிழுத்து, ஒவ்வொரு மடிப்பையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இப்படிப் பின்னிழுக்கும் நேரம் குறைந்தது 6 நிமிடம் என்றிருந்ததை அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் 2024-இல் 8 ஆக உயர்த்தின. நோயாளியின் பங்கும் இருக்கிறது: பேதி மருந்தை முழுவதும் முதல்நாள் இரவே குடித்து முடிக்காமல், பாதியைப் பரிசோதனை நாள் காலையில் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். தேதி வாங்கும்போதே இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.