பிளிட்ஸ்ஓர்டுங் மின்னல் வரைபடம்: கோடை இடிமழையைக் காரிலிருந்து ரசிக்க ஒரு துணை

தூரத்தில் வானம் கறுத்து மின்ன ஆரம்பித்ததும் காரில் இருப்பவர்களுக்கு வரும் கேள்வி, அது நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்பதுதான். அதற்கு பிளிட்ஸ்ஓர்டுங் நன்றாகவே பதில் சொல்கிறது. காசு கிடையாது, உலாவியில் திறந்தால் போதும். பல நாடுகளில் ஆர்வலர்கள் சொந்தமாக வைத்திருக்கும் ஏற்பிகள் (ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவிகள்) தான் இதன் கண்கள். மின்னலிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை ஒவ்வோர் ஏற்பிக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, அது வெட்டிய இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில்) 300 மீட்டர் ஓடிவிடும்; நேரம் துளி பிசகினாலும் இடம் தவறிவிடும் என்பதால், ஏற்பிகளின் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு பூட்டியிருக்கிறார்கள்.

மின்னல் வெட்டிய சில நொடிகளில் வரைபடத்தில் புள்ளி விழும். புதிய புள்ளி வெளுப்பாக இருக்கும். பழசாகப் பழசாக மஞ்சளாகிச் சிவக்கும். அதைச் சுற்றி விரியும் வட்டம்தான் பிள்ளைகளைக் கட்டிப்போடும் விஷயம்: அது இடியோசை பரவும் எல்லை. வட்டம் உங்கள் இடத்தைத் தொடும்போது இடி கேட்க வேண்டும். கையால் சரிபார்க்க, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நொடிகளை 3-ஆல் வகுங்கள், வருவது கிலோமீட்டர். சுமார் 15 கிலோமீட்டருக்கு அப்பால் இடி பெரும்பாலும் காதுக்கு எட்டாது. வட்டம் வந்தும் சத்தம் வரவில்லை என்றால் அது வரைபடத்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க, கடைசி 20 நிமிடப் புள்ளிகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பாருங்கள். சிவப்புக்கு முன்னால் வெளுப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ, இடிமழை அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில் நின்றால் காட்சி முழுதாகக் கிடைக்கும், ஆலங்கட்டி அடியும் தப்பும். மரத்தடி, மின்கம்பம், சுரங்கப்பாதை, பள்ளமான சாலை ஆகாது. 30 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் சாதாரணக் காரை மிதக்க வைத்துவிடும்.

குறைகளும் உண்டு. மேகத்துக்குள்ளேயே வெட்டும் மின்னல்கள் நிறைய விடுபடும்; வானம் விடாமல் மின்னும்போது திரை காலியாகக் கிடக்கலாம். ஏற்பிகள் நெருக்கமாக உள்ள பகுதியில் கிடைக்கும் துல்லியம் மற்ற இடங்களில் கிடைக்காது. நெடுஞ்சாலையில் இணையம் அறுந்தால் பழைய புள்ளிகள் அப்படியே உறைந்து நிற்கும், பார்ப்பவர் இடிமழை ஓய்ந்ததாக நினைத்துவிடுவார். ஐயம் வந்தால் பக்கத்தைப் புதுப்பியுங்கள். மழை எவ்வளவு என்று இதில் தெரியாது, அதற்கு வானிலை ரேடார் தனியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இது விழுந்த மின்னலைத்தான் காட்டும். உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு இதை நம்ப வேண்டாம் என்று நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பாதுகாப்பைக் கார் பார்த்துக்கொள்ளும், கூரையும் உடலும் உலோகமாக இருந்தால். மின்சாரம் வெளித்தகடு வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது; டயர் ரப்பர் காப்பாற்றுகிறது என்பது வெறும் பேச்சு. துணிக்கூரை, ஃபைபர் உடல் வண்டிகளுக்கு இது பொருந்தாது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கதவின் உலோகத்தில் கை படாமல் உட்காருங்கள். சார்ஜர் வயரோடு கைபேசியைப் பிடிக்காதீர்கள். அசையும் வரைபடம் பேட்டரியைக் குடிக்கும் என்பதால் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்; மின்னல் புள்ளியிலிருந்து ஏற்பிகளுக்கு வரையப்படும் கோடுகளையும், மின்னலுக்கு மின்னல் வரும் டிக் டிக் ஒலியையும் அணைத்துவிடலாம். திரை ஓட்டுநர் கையில் மட்டும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை, திரை எவ்வளவு காலியாக இருந்தாலும், யாரும் கீழே இறங்கக் கூடாது.