மோரா கேம்பிட்: நாலு வருஷமாகச் சிப்பாயை நீட்டுகிறேன், வாங்க ஆளில்லை

செஸ் கிளப் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சிசிலியனுக்கு நீங்க மோராதானே ஆடுறீங்க? நானும் ஆரம்பிக்கலாமா?" வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி5 ஆடினால் சிசிலியன்; அதற்கு டி4 தள்ளி, கறுப்பு அதை வெட்டியதும் சி3-ல் இன்னொரு சிப்பாயைச் சும்மா நீட்டுவதுதான் மோரா கேம்பிட். சட்டென்று பதில் வரவில்லை. நாலு வருஷ வயிற்றெரிச்சல் ஒரு வரியில் அடங்காது.

வெள்ளையில் அதிரடியாக ஆட நான் சேர்த்து வைத்திருக்கும் சரக்கில் மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. என் இ4-க்கு இ5 வந்தால் எவான்ஸ் கேம்பிட், பிரெஞ்சு (இ6) வந்தால் மில்னர்-பேரி கேம்பிட். பிரச்சினை மோராவில்தான், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எதிராளி சி3 சிப்பாயை மட்டும் வெட்டிவிட்டால், அப்புறம் அந்தச் சுகமே தனி. சி, டி இரண்டு வரிசையும் திறந்து கிடக்கும். யானைகள் எங்கே போக வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். நாலாவது நகர்த்தலில் டி6, அடுத்ததில் குதிரை எஃப்6 என்று அவசரப்பட்டால் இ5 தள்ளுவேன். அதை வெட்டினால் எஃப்7-ல் பிஷப் செக். ராஜா பிஷப்பை வெட்டினால் ராணி போச்சு. பத்து நிமிட ஆட்டங்களில் இன்றைக்கும் இதில் விழுகிறார்கள்.

நானும் விழுந்திருக்கிறேன். கறுப்புக் குதிரை ஜி4 வந்ததும் விரட்டுகிறேன் பேர்வழி என்று எச்3 ஆடினேன். இன்னொரு குதிரை டி4-ல் குதித்தது. ராணியை விடுவதா, எச்2-ல் மேட் வாங்குவதா? கை கொடுத்துவிட்டு எழுந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அது ஆட்டம்.

வருத்தமெல்லாம் மூன்றாவது நகர்த்தலிலேயே குதிரையை எஃப்6-ல் வைக்கிறவர்கள் மேல். நான் இ5, அவர் குதிரை டி5. அவ்வளவுதான், நீட்டிய சிப்பாயை வாங்காமலே அலாபின் என்கிற சாதுவான ஆட்டம் ஆகிவிட்டது. தலைவாழை இலை போட்டுக் காத்திருந்தால், வந்தவர் "ஒரு காபி போதும்" என்பது போல. ரேட்டிங் ஏற ஏற எதிரில் உட்காருகிறவர்கள் எல்லாருமே காபி கேட்கிறார்கள்.

1972 சான் அன்டோனியோ போட்டியில், மோராவைப் பரப்பிய அமெரிக்கர் கென் ஸ்மித் இதை மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்றார். அங்கேயே இன்னொருவர் அவருக்கு எதிராகப் பிரெஞ்சு ஆட, "சி5 ஆடியிருந்தால் ஒரு சிப்பாய் கிடைத்திருக்கும்" என்கிற மாதிரி எழுதினார் டேனிஷ் கிராண்ட்மாஸ்டர் லார்சன். எனக்கோ ஸ்மித் மேல் பொறாமை. அவருக்கு வாங்கிக்கொள்ளவாவது ஆள் இருந்தது! அமெரிக்க ஆட்டக்காரர் எஸ்ஸர்மன் 2011-ல் டச்சு கிராண்ட்மாஸ்டர் வான் வேலியை இதை வைத்தே சாய்த்த ஆட்டத்தை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். என் நோட்டைப் புரட்டினால், அந்தக் காபி ஆட்டங்களில்தான் எனக்குப் புள்ளிகள் அதிகம். அலாபின் நல்ல நிலைதான். ஆனால் அலாபின் வேண்டுமென்றால் இரண்டாவது நகர்த்தலிலேயே சி3 ஆடியிருக்க மாட்டேனா?

நண்பரிடம் "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். "நீங்க கறுப்பில் ஆடும்போது யாராவது மோரா போட்டால் பேசாமல் எஃப்6-ல் குதிரையை வையுங்க, அவருக்கு மண்டை காய்ந்துவிடும். என்னோடு ஆடும்போது மட்டும் வேண்டாம்."