கௌதாரியும் வௌவாலும் ஒழுங்காக வந்தன: லிப்ரே ஆபிஸ் ரைட்டருடன் ஒன்பது நாட்கள்

பிழை திருத்துவது என் தொழில். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் இருந்தால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். ஆனால் எழுதும் செயலியை நான் ஒருபோதும் அப்படிக் கூர்ந்து பார்த்ததில்லை. பழகிய செயலி ஒன்று இருந்தது; 14 ஆண்டுகள் அதிலேயே வேலை நடந்தது. போன மாதம் பறவைகள் பற்றிய 412 பக்க நூல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது அது இரண்டு முறை உறைந்து நின்றது. இரண்டாம் முறை மூடித் திறந்தபோது, ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிற்பகல் முழுக்கச் செய்த திருத்தங்களைக் காணவில்லை. அந்தச் செயலியின் பெயர் இங்கே வேண்டாம். அன்று இரவே லிப்ரே ஆபிஸ் ரைட்டரை நிறுவிவிட்டேன்.

ரைட்டர் எனக்குத்தான் புதிது. அதன் வேர் 1985-இல் ஜெர்மனியில் மார்கோ பியோரீஸ் என்ற இளைஞர் எழுதிய ஸ்டார்ரைட்டரில் இருக்கிறது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, மறு ஆண்டு மூலநிரலைப் பொதுவில் திறந்து வைத்தது. அதுதான் ஓப்பன் ஆபிஸ். 2010-இல் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து லிப்ரே ஆபிஸ் ஆனது. இன்று டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்வதும் இல்லை. 2024 முதல் பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் வந்துவிடுகின்றன. நான் நிறுவியது 25.2, அதாவது 2025 பிப்ரவரிப் பதிப்பு.

திறந்ததும் வெற்றுத் தாளும், மேலே பொத்தான்களின் வரிசையும், வலது ஓரத்தில் ஒரு பக்கப்பட்டையும் வந்தன. பொத்தான்கள் ஏராளம். பார்வைப் பட்டியலில் இடைமுகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. தாவல்களாக அடுக்கிய அமைப்பு, ஒற்றை வரிசை அமைப்பு என்று சிலவற்றைப் பார்த்துவிட்டு ஒற்றை வரிசைக்கு மாறினேன். தோற்றத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் கவலை எழுத்தில் இருந்தது.

ஒரு புதிய செயலி கைக்கு வந்தால் முதலில் நான் தட்டிப் பார்க்கும் வரி இது: கௌதாரி, வௌவால், பௌர்ணமி, ஸ்ரீ, லக்ஷ்மி, கொடி, நோன்பு. 'கொ' என்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் உட்காருகிறது. யூனிகோடில் அது ககரமும் ஒரு குறியும் மட்டுமே. அந்தக் குறியைப் பிளந்து முன்னும் பின்னும் சரியாகப் பொருத்துவது, எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. ரைட்டரில் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் இதே இயந்திரம்தான். மூன்று எழுத்துருக்களில் வரியை ஓடவிட்டேன். குறி எழுத்தோடு ஒட்டாதபோது தோன்றும் புள்ளி வட்டம் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை, ஸ்ரீ உடையவில்லை. பின்னழி விசையை அழுத்தினால் 'கொ'வில் குறி மட்டும் போய் 'க' நிற்கிறது. முன்னழி விசை எழுத்து முழுவதையும் எடுக்கிறது. குறில் நெடில் பிழைகளை நாளெல்லாம் மாற்றும் எனக்கு இந்த வேறுபாடு பெரிய உதவி. 'கோடி'யைக் 'கொடி'யாக்க முழு எழுத்தையும் அழிக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக எழுத்துரு. இங்கேதான் அரை மணி நேரம் திணறினேன். பத்திப் பாணியை (பத்தியின் எழுத்துரு, அளவு முதலியவற்றை ஒரே பெயரில் சேர்த்து வைத்த அமைப்பு) திறந்து, எழுத்துருவை மாற்றி, அளவை 12 என்று வைத்தேன். தமிழ் அப்படியே நின்றது; இடையிடையே இருந்த லத்தீன் பெயர்கள் மட்டும் மாறின. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. பிறகுதான் விளங்கியது. ரைட்டர் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துரு, ஆசிய எழுத்துக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்புக்கு ஒன்று என்று மூன்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தமிழ் மூன்றாவது கூட்டத்தில் அரபி, தாய், இந்தி மொழிகளோடு உட்கார்ந்திருக்கிறது. நான் மாற்றியது முதல் கூட்டத்தை.

இது தெரியாமல் எத்தனை பேர் முதல் நாளிலேயே செயலியை நீக்கியிருப்பார்களோ! தமிழில் எழுதுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். ஆப்ஷன்ஸ் பகுதியில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்தமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பத்திப் பாணியில் எழுத்துருவை அந்தப் பகுதியில் மாற்றுங்கள்.

திணறல் தீர்ந்த பிறகு இதே பிரிவு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தமிழ் எழுத்தும் லத்தீன் எழுத்தும் ஒரே அளவில் நின்றால் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்று தூக்கலாகத் தெரியும். பறவை நூலிலோ பக்கத்துக்கு நாலு அறிவியல் பெயர்கள். இப்போது ஒரே பாணிக்குள் தமிழுக்கு 11.5 புள்ளி, லத்தீனுக்கு 10.5 புள்ளி. அறிவியல் பெயர்களுக்குத் தனி எழுத்துப் பாணி ஒன்றை அமைத்து, அதில் மேற்கத்திய பகுதிக்கு மட்டும் சாய்வு கொடுத்தேன். பக்கத்துத் தமிழ்ச் சொல் தவறிப்போய் அந்தப் பாணிக்குள் விழுந்தாலும் அது சாய்வதில்லை. தமிழ் எழுத்தை இயந்திரம் வலிந்து சாய்க்கும்போது வரும் அலங்கோலத்தைப் பார்த்தவர்களுக்கு என் மகிழ்ச்சி புரியும்.

மூன்றாம் நாள் தேடலுக்கு வந்தேன். பறவை நூலை எழுதியவருக்கு ஔகாரத்தைத் தட்டும் பழக்கத்தில் ஒரு பிசகு இருந்தது. 'பௌர்ணமி' என்று வர வேண்டிய இடத்தில் எகரக் குறியும் ளகரமும் சேர்த்துப் 'பெளர்ணமி' என்று தட்டியிருந்தார். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. கௌதாரி என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். சொல்லடைவு பிழைபட்டுப் போகும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றவும் முடியாது. அப்படிச் செய்தால் வெள்ளமும் தெளிவும் நெளிவும் சிதைந்துவிடும்.

ரைட்டரின் தேடு, மாற்று பெட்டியில் சுருங்குறித் தொடர்களை, அதாவது ஒரு சொல்லுக்குப் பதில் எழுத்துகள் வரும் ஒழுங்கையே தேடச் சொல்லும் குறிகளை, பயன்படுத்தலாம். எகரக் குறியை அடுத்து ளகரம் வந்து, அந்த ளகரத்துக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாமல் நேராக இன்னொரு மெய் தொடரும் இடங்களை மட்டும் காட்டச் சொன்னேன். வெள்ளத்தில் ளகரத்துக்குப் புள்ளி உண்டு. தெளிவில் இகரக் குறி உண்டு. ஆகவே அவை தாமாக விலகிக்கொண்டன. 31 இடங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன், 20 நிமிடம் ஆனது. கண்ணால் தேடியிருந்தால் இரண்டு நாள் போயிருக்கும், அப்போதும் நாலைந்து தப்பியிருக்கும். இரட்டை இடைவெளி, காற்புள்ளிக்கு முன்னால் விழுந்த இடைவெளி ஆகியவற்றுக்கும் இப்படியே வலை வீசினேன். குறிப்பிட்ட ஒரு பாணி எங்கெங்கே இருக்கிறது என்றும் தேட முடிகிறது.

நீண்ட நூலில் வேலை செய்பவர்கள் எஃப்5 விசையை மறக்கக் கூடாது. நேவிகேட்டர் என்ற பலகை திறந்து, தலைப்புகள், படங்கள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் மரமாக விரிக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தை ஆறாவதற்கு முன்னால் வைக்கச் சொல்லி நூலாசிரியர் கேட்டிருந்தார். அந்தத் தலைப்பைப் பலகையிலேயே மேலே நகர்த்தினேன். கீழிருந்த துணைத்தலைப்புகளும் பத்திகளும் கூடவே வந்துவிட்டன. இதற்கு ஒரு நிபந்தனை: தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியே கொடுத்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்து விட்டதெல்லாம் ரைட்டரின் கணக்கில் தலைப்பு ஆகாது. பாணியில் ஒழுங்கு இல்லாதவரிடம் இந்தச் செயலி கண்டிப்பாகவே நடந்துகொள்கிறது, அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கங்களுக்கும் பாணி உண்டு. முன்னுரைக்கு ரோமன் எண்கள், நூலுக்கு 1, 2, 3 என்று வர வேண்டும். பக்க முறிவைச் செருகும்போதே அடுத்த பக்கம் எந்தப் பாணி, எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று கேட்கிறது. புரிந்துகொள்ள ஒரு மாலை ஆனது. புரிந்த பிறகு குழப்பமே இல்லை.

இழந்த அந்தப் பிற்பகல் மனத்திலிருந்து போகவில்லை. அதனால் தானியங்கு மீட்பு அமைப்பைத் தேடிப் பிடித்தேன். இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புத் தகவலைப் பதிகிறது. மூன்று நிமிடமாகக் குறைத்துக்கொண்டேன். அதோடு, சேமிக்கும்போதெல்லாம் முந்தைய நிலையை நகலாக வைத்துக்கொள்ளும் வசதி இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி நன்றாக இருக்கிறது. யார் சேர்த்தது, யார் நீக்கியது என்று நிறம் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு படிகளை ஒப்பிட்டும் பார்க்கலாம்.

குறை என்றால் இரண்டு சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே வெள்ளைப் பள்ளங்கள் விழுகின்றன. இது எந்தச் செயலியிலும் வரும் தொல்லை. ரைட்டரும் அதற்கு விலக்கு இல்லை. திருத்தும் படியில் இடது ஓரம் மட்டும் நேராக விட்டுவிட்டேன். இன்னொன்று கோப்பு வடிவம். ரைட்டரின் சொந்த வடிவம் ஓடிடி (.odt). 2006-இல் பன்னாட்டுத் தரமான திறந்த ஆவண வடிவத்தைச் சேர்ந்தது. உள்ளே இருப்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகள். நாளை இந்தச் செயலியே இல்லாமல் போனாலும் எழுத்தை வெளியே எடுத்துவிடலாம். நூலாசிரியர்களோ மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத்தான் அனுப்புகிறார்கள், அதையே திருப்பிக் கேட்கிறார்கள். ரைட்டர் அதைத் திறக்கும், அதில் சேமிக்கவும் செய்யும். எழுத்து ஒன்றும் தொலையவில்லை, ஆனால் படங்களைச் சுற்றி எழுத்து ஓடும் பக்கங்களில் வரி முறிவுகள் நகர்ந்துவிட்டன. எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் இன்னும் நகரும். பக்க எண்ணைச் சொல்லிப் பேசும் வேலைக்கு இது உதவாது. ஆகவே வேலையை ஓடிடியில் வைத்துக்கொண்டு, ஒப்படைக்கும்போது மட்டும் டாக்எக்ஸாக மாற்றுகிறேன். கூடவே ஒரு பிடிஎஃப். அந்தப் பிடிஎஃப்பின் உள்ளேயே மூல ஆவணத்தையும் பொதிந்து அனுப்பும் வசதி ரைட்டரில் இருக்கிறது.

பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் என்னிடம் 40-க்கு மேல் கிடக்கின்றன. அந்தக் காலத்து எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். ரைட்டர் இதில் ஒன்றும் செய்ய முடியாது. குறிமாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். நேற்று முதல் கோப்பை மாற்றினேன். 1998-இல் நான் முதன்முதலாகத் திருத்திய சிறுகதை. முதல் பத்தியிலேயே 'வெளவால்' என்று இருந்தது. அன்று என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. திருத்திவிட்டு ஓடிடியாகச் சேமித்தேன்.