‘மொர்ஸ்கொய் போய்’: ஐந்து வருடம் ஆடியவனின் புலம்பல்

மாஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நண்பர் மகன் போன வாரம் போனில் கேட்டான்: “மாமா, இங்கே சோவியத் கால விளையாட்டு மெஷின்களுக்கு ஒரு மியூசியம் இருக்காமே. ‘மொர்ஸ்கொய் போய்’ ஆடிப் பார்க்கலாமா?” சட்டென்று பதில் வரவில்லை. 1984 முதல் 1989 வரை அங்கே படித்தபோது என் கைக்காசைத் தின்றதே அந்தப் பெட்டிதான்.

ரஷ்ய மொழியில் ‘போய்’ என்றால் போர். ‘மொர்ஸ்கொய்’ சேர்ந்தால் கடற்போர். என் விஷயத்தில் தமிழ்ப் பொருளே சரியாக இருந்தது.

பெரிஸ்கோப்பில் (நீர்மூழ்கியிலிருந்து வெளியே பார்க்கும் குழாய்) கண்ணை வைத்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, போகிற கப்பலை டார்பிடோவால், அதாவது நீருக்கடியில் பாயும் குண்டால், அடிக்க வேண்டும். ஒரு காசுக்குப் பத்து டார்பிடோ. திரை, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கப்பல்கள் சங்கிலியில் ஓடும், தூரம் இருப்பதுபோலக் கண்ணாடிகள் காட்டும், வரிசையாக எரியும் பல்புகள்தான் டார்பிடோவின் தடம். 1971இல் மாஸ்கோவில் வெளிநாட்டு விளையாட்டு மெஷின்களின் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு அதுபோன்ற மெஷின்களை உள்நாட்டிலேயே செய்யும் வேலையை ராணுவத் தளவாட ஆலைகளிடம் கொடுத்தார்கள். பீரங்கிக்குப் பாகம் செய்த கைகள் என்பது பெட்டியைத் தொட்டாலே தெரியும்.

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. டார்பிடோ போய்ச் சேர நேரம் பிடிக்கும்; அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்பது கைக்குப் பழக ஒரு குளிர்காலமே ஆனது. பட்டால் அடிவானத்தில் சிவப்பு வெளிச்சம், ஒரு உறுமல். அந்த உறுமல் இன்னும் காதில் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த 15 கோபெக் காசு! (நூறு கோபெக் ஒரு ரூபிள்.)

பெட்டி அதை மட்டும்தான் வாங்கும். 10ம் 5ம் சேர்த்துப் போட முடியாது. மெட்ரோ நிலையத்தில் சில்லறை மாற்றும் எந்திரம் உண்டு. 15ஐப் போட்டால், மெட்ரோவில் நுழைய ஆளுக்கு ஒன்று வீதம் போடும் ஐந்து கோபெக் காசு மூன்று விழும். மூன்று ஐந்தைப் போட்டு ஒரு பதினைந்து எடுக்க எந்த எந்திரமும் இல்லை. இது போதாதென்று, வெளியூர் போன் எந்திரமும் 15தான் கேட்கும். கீவில் இருந்த நண்பனிடம் நாலு வார்த்தை தமிழில் பேசுவதா, நாலு கப்பலை மூழ்கடிப்பதா? வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன், பெரும்பாலும் கப்பல்தான் ஜெயித்தது.

அப்படிப் பொறுக்கிச் சேர்த்த காசை, விடுதிக்குப் பக்கத்துத் தியேட்டரில் இருந்த பெட்டி மூன்றுக்கு ஒன்று வீதம் விழுங்கிவிடும். விளக்கும் எரியாது, காசும் திரும்பாது. கூட்டிப் பெருக்கும் பாட்டியிடம் சொன்னால், “குத்து” என்பார். குத்துவேன். சில நாள் வேலை செய்யும். சோடா எந்திரத்தையும் இப்படித்தான் குத்துவோம். ஆனால் அது நியாயமான எந்திரம்: 1 கோபெக்குக்கு வெறும் சோடா, 3க்கு சிரப் போட்டது. ஊரே ஒரே கிளாஸில் குடித்ததைப் பற்றி இப்போது யோசிக்க விரும்பவில்லை. விழுங்கிய 15இல் சிரப் சோடாவே ஐந்து கிளாஸ் குடித்திருக்கலாம் என்ற கணக்கு அன்று இரவெல்லாம் ஓடும்.

1991க்குப் பிறகு விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தக் காசுக்கு மதிப்பே இல்லாமல் போனது. பெட்டிகளும் குப்பைக்குப் போயின. 2007இல் மாஸ்கோ மாணவர்கள் சிலர் மிச்சமிருந்தவற்றைத் தேடிப் பிடித்து, பழுதுபார்த்து, அந்த மியூசியத்தைத் தொடங்கினார்கள். வேலைக்காக அந்தப் பக்கம் போனபோது நானும் எட்டிப் பார்த்தேன். டிக்கெட்டோடு கை நிறையப் பழைய 15 கோபெக் காசுகளைத் தருகிறார்கள்! பெட்டி ஒன்றைக்கூட விழுங்கவில்லை. பத்துக்கு ஏழு அடித்தேன். மூன்றாவது ஆட்டத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

அதனால் பையனிடம், “மெனக்கெட்டுப் போகாதே” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் மறுபடி கூப்பிட்டு, ஒருவேளை போனால் கப்பலைக் குறி வைக்காதே, மூக்குக்கு ஒரு கப்பல் நீளம் முன்னால் பிடி, வேகமாகப் போகிற சின்னக் கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள் என்று கால்மணி நேரம் விளக்கினேன்.