டிஇஏ பதிவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்பவர்களிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்கும் நம் ஆட்கள், முக்கியமாக மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு இப்போதுதான் தனியாக க்ளினிக் தொடங்கியிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மார்ஃபின் மாதிரியான கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத டிஇஏ என்ற அமெரிக்க அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பில் பதிவு வேண்டும்; அதைப் புதுப்பிக்கப் போய் ஒரு போலித் தளத்தில் ஏமாந்த கதை இது. எனக்கு 1,436 டாலர் போனது. பணம் போனதை விடுங்கள், புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை மார்ஃபின் இல்லாமல் வலியில் துடித்தார். அதற்குக் காரணம் என் பதிவு காலாவதியானதுதான். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டிஇஏ பதிவு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது என்று எல்லோருக்கும் தெரியும். நினைவூட்டல் மின்னஞ்சலில்தான் வரும், ஆனால் நம் பதிவில் எந்த முகவரி இருக்கிறதோ அதற்குத்தான் வரும். நான் பழைய மருத்துவமனை கொடுத்திருந்த மின்னஞ்சலைத்தான் பதிவில் போட்டிருந்தேன். வேலையை விட்ட அன்றே அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள், நினைவூட்டல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. காலாவதிக்கு இரண்டே வாரம் இருக்கும்போது தற்செயலாகச் சான்றிதழைப் பார்த்துப் பதறிப்போய், இரவு பதினோரு மணிக்குத் தேடுபொறியில் தட்டினேன். முதலில் வந்த இணைப்பு விளம்பரம் என்பதைக் கவனிக்கவே இல்லை. நீல நிறம், கழுகு மாதிரி ஒரு முத்திரை, புதுப்பிப்புப் படிவத்தின் எண் 224ஏ எல்லாம் அரசுத் தளத்தைப் போலவே அச்சாக அப்படியே இருந்தது. டிஇஏ எண், சமூகப் பாதுகாப்பு எண், மாநில உரிம எண், அஞ்சல் குறியீடு, காலாவதி தேதி, கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தேன். அரசுக் கட்டணம் 888 டாலர், 'விரைவுச் சேவை' 349 டாலர், அப்புறம் 'கட்டாயப் பயிற்சிச் சான்றிதழ்' என்று 199 டாலர்.

அந்தப் பயிற்சி விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், நிறைய பேர் இதில்தான் விழுகிறார்கள். 2023 ஜூன் 27 முதல், போதைப் பழக்கச் சிகிச்சை தொடர்பாக 8 மணிநேரப் பயிற்சி முடித்திருக்கிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது வாழ்நாளில் ஒரே ஒருமுறை. எட்டு மணிநேரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை, முன்பே அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் செய்த வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடுவதுதான் வேலை, சான்றிதழ் எதையும் ஏற்றச் சொல்வதில்லை. இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த 199 டாலரைப் பார்த்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து மரியாதையாகப் பேசினார். மின்-மருந்துச்சீட்டையும் சேர்த்து இணைத்துத் தருகிறோம், உங்கள் டோக்கனில் (கணினி வழியாக எழுதும் கட்டுப்பாட்டு மருந்துச் சீட்டை உறுதிசெய்ய ஒருமுறை எண் தரும் கருவி) வரும் ஆறு இலக்க எண்ணைப் படியுங்கள் என்றார். நான் படித்துவிட்டேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய தவறு அதுதான். அந்த டோக்கன் நம் கையெழுத்துக்குச் சமம், வேறு யாருக்கும் கொடுக்கவே கூடாது, தொலைந்தாலோ வேறு கைக்குப் போனாலோ தெரிந்ததிலிருந்து ஒரு வேலை நாளுக்குள் நம் மென்பொருளில் அணுகல் அனுமதியைக் கவனிப்பவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ரசீது வந்தது, 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று மின்னஞ்சலும் வந்தது, நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். மாதம் முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஃபார்மசியிலிருந்து அழைப்பு. "டாக்டர், உங்கள் டிஇஏ எண் காலாவதி ஆகிவிட்டதாகக் காட்டுகிறது, இந்த மார்ஃபின் சீட்டை என்னால் எடுக்க முடியாது." மார்ஃபின் கடுமையான கட்டுப்பாடு உள்ள இரண்டாம் அட்டவணை மருந்து என்பதால் பழைய சீட்டில் ரீஃபில் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டுதான் எழுத வேண்டும். அந்தப் பெரியவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாத்திரை. அவர் மகள் அரைமணிக்கு ஒருமுறை அழைத்தார், நான் என்ன பதில் சொல்வது? கடைசியில் என்னோடு ஆன்-கால் பகிர்ந்துகொள்ளும் ஒரு நண்பர் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, தன் எண்ணில் எழுதிக்கொடுத்தார். மாத்திரை கைக்கு வரும்போது மணி ஒன்பதரை.

அன்றிரவே உண்மையான அரசுத் தளத்துக்குப் போய்ப் பார்த்தால், என் பெயரில் எந்தப் புதுப்பிப்பு விண்ணப்பமும் இல்லை. ஒரு பைசாகூட அங்கே போகவில்லை. காலாவதியான பிறகும் ஒரு மாதம் வரை அதே எண்ணைப் புதுப்பிக்கலாம், அதுவும் தாண்டினால் புது விண்ணப்பம், புது எண். நல்லவேளை, நான் அந்த மாதத்துக்குள் இருந்தேன். இன்னொரு 888 டாலர் கட்டி நானே விண்ணப்பித்தேன், படிவம் நிரப்ப இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு மாத அவகாசம் என்பது புதுப்பிக்கத்தானே தவிர, மருந்து எழுத அல்ல. ஒப்புதல் வரும்வரை பன்னிரண்டு நாள் ஒரு கட்டுப்பாட்டு மருந்துகூட எழுதவில்லை, வலி நோயாளிகள் எல்லோரையும் நண்பரிடம் அனுப்பினேன்.

அந்த நிறுவனத்தைக் கேட்டால் 'ஆவணச் சரிபார்ப்பில் இருக்கிறது, சேவைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது' என்ற ஒரே பதில். கார்டு வங்கியில் தகராறு பதிந்திருக்கிறேன், டிஇஏவுக்கும் எழுதியிருக்கிறேன். பழைய டோக்கனை ரத்து செய்து புதிது வாங்கினேன், என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கடன் கோப்பையும் முடக்கி வைத்தேன். எங்கள் மாநில மருந்துக் கண்காணிப்புத் தளத்தில் என் பெயரில் யார் யாருக்கு என்ன மருந்து போயிருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்க்கிறேன். இதுவரை தெரியாத பெயர் எதுவும் இல்லை, ஆனாலும் பார்ப்பதை நிறுத்த பயமாக இருக்கிறது.

உண்மையான தளத்தின் முகவரி 'டாட் கவ்' என்றுதான் முடியும். புதுப்பிப்பைக் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே செய்யலாம். வேலையோ இடமோ மாறினால் முகவரி, மின்னஞ்சல் மாற்ற அங்கே கட்டணமே கிடையாது, வேறு மாநிலத்திலும் கட்டுப்பாட்டு மருந்து எழுதப் போகிறீர்கள் என்றால் பொதுவாக அதற்குத் தனிப் பதிவு வேண்டும். டிஇஏ அதிகாரி பேசுகிறேன், உங்கள் எண்ணில் விசாரணை இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று யாராவது மிரட்டினால் வைத்துவிடுங்கள், டிஇஏ தொலைபேசியில் பணம் கேட்பதில்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு இடைத்தரகரிடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் ரசீதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றைக்கே அரசுத் தளத்தில் உங்கள் பதிவின் காலாவதி தேதியைப் பாருங்கள். டோக்கன் எண்ணையும் சொல்லியிருந்தால், தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் அதை ரத்து செய்யுங்கள்.