பேட்டரியின் மேல் பழி போடாத கடை: ரிச்சி தெருவில் ஒரு மடிக்கணினிப் பழுதுபார்ப்பு

சென்ற மே மாதம் என் மடிக்கணினியின் பேட்டரி 37 விழுக்காட்டில் நின்றுவிட்டது. அடாப்டரைச் செருகினால் கணினி ஓடும். ஆனால் மின் இணைப்பு உள்ளது, சார்ஜ் ஏறவில்லை என்ற அறிவிப்பு திரையின் ஓரத்தில் மாறாமல் நிற்கும். அடாப்டரைக் கழற்றினால் அந்த 37 விழுக்காடும் கரையத் தொடங்கும். கரைந்தது திரும்ப ஏறாது. நான் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்ப்பவள். கோடையில் எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், பேட்டரி இல்லாத மடிக்கணினியை நம்பி நான் வேலை செய்ய முடியாது. ஆகவே இரண்டு இடங்களில் காட்டினேன். இரண்டாவதாகச் சென்ற ரிச்சி தெருக் கடையைப் பற்றியதே இந்த மதிப்புரை. முதலில் சென்ற இடத்தில் நடந்ததையும் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும்.

கடைக்குப் போகும் முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றையெல்லாம் நான் செய்து பார்த்தேன். முதலில் பிளக் பாயிண்டை மாற்றினேன். ஸ்டெபிலைசர், நீட்டிப்பு வயர் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் செருகினேன். அடுத்து, கணினியே சார்ஜை வேண்டுமென்று நிறுத்தி வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். லெனோவா, ஏசூஸ் முதலிய நிறுவனங்களின் கணினிகளில் பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காக 60 அல்லது 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. அது இயங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் பலர். என் கணினி நின்றது 37 விழுக்காட்டில் என்பதால் அது காரணமாக இருக்க முடியாது. வெப்பமும் ஒரு காரணம் ஆகலாம். லித்தியம் அயனி பேட்டரியின் உள்வெப்பம் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்பாட்டுச் சுற்று நிறுத்திவிடும். மே மாதத்துச் சென்னையில், மெத்தையின் மேல் கணினியை வைத்து வேலை செய்தால் அந்த அளவை எட்டுவது கடினமன்று. இரவில், மேசைமேல், மின்விசிறிக்கு அடியில் வைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. கடைசியாக, கணினியை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தங்கியிருந்த மின்சாரத்தை வடியவிட்டு, மீண்டும் செருகினேன். கட்டுப்பாட்டுச் சில்லு சிக்கிக்கொண்டு நிற்கும்போது இது பல நேரங்களில் பலன் தரும், எனக்குத் தரவில்லை.

முதலில் சென்றது வீட்டுக்கு அருகில், எல்லா நிறுவனக் கணினிகளையும் பார்க்கும் குளிரூட்டப்பட்ட ஒரு சர்வீஸ் மையம். நாற்காலி, டோக்கன், குறுஞ்செய்தி எல்லாம் முறையாக இருந்தன. அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்த இளைஞர், 19.5 வோல்ட் சரியாக வருகிறது, எனவே அடாப்டரில் குறையில்லை என்று எழுதிக்கொண்டார். மறுநாள் மாலை வந்த மதிப்பீட்டில் புதிய பேட்டரிக்கு 4,500 ரூபாயும், அதன் பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் போர்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லான சார்ஜிங் ஐசியை மாற்ற 6,500 ரூபாயும் குறிப்பிடப்பட்டிருந்தன. ஏறாவிட்டால் என்ற அந்தச் சொல்தான் என்னைத் தடுத்தது. காரணம் எதுவென்று தெரியாமலேயே ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது, அதுவும் என் செலவில் மாற்றிப் பார்ப்பது, எப்படிப் பழுதுபார்ப்பு ஆகும்? சோதனைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் கணினியை வாங்கி வந்துவிட்டேன்.

ரிச்சி தெருவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மின்னணுச் சந்தை அது. 2019இல் இந்தத் தடத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். நான் சொல்லும் கடை நரசிங்கபுரம் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. பலகையில் ‘லேப்டாப் சர்வீஸ், சிப் லெவல்’ (போர்டில் உள்ள சில்லுகள் வரை பழுதுபார்ப்பது) என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. இரண்டு மேசைகள், ஒரு உருப்பெருக்கி விளக்கு, சுவரெங்கும் கொக்கியில் தொங்கும் அடாப்டர்கள். உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; உடன் ஒரு தம்பி வேலை செய்கிறார்.

கணினியை மேசைமேல் வைத்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க சார்ஜரைக் கொண்டுவந்தீங்களாம்மா?” என்பது. கொண்டு சென்றிருந்தேன். இரண்டாவது கேள்வி, “கொஞ்ச நாளா கணினி மெதுவா ஓடுதா?” அதைக் கேட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது. பத்து நாட்களாகவே கோப்புகள் திறக்கத் தாமதமாகிக்கொண்டிருந்தன. வைரஸ் என்று எண்ணி அதற்கான மென்பொருளை இரண்டு முறை ஓட்டியிருந்தேன். சார்ஜ் ஏறாததற்கும் வேகம் குறைந்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணினியை முழுவதுமாக அணைத்து, மீண்டும் ஆன் செய்து, விசையைத் தட்டி, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைந்தார். பேட்டரியைப் பற்றிய பக்கத்தில் அடாப்டர் வகை என்ற வரியில் விரலை வைத்து, என்னைக் குனிந்து படிக்கச் சொன்னார். ‘தெரியவில்லை’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் கணினியை மூடி வைத்து எழுப்புவதே வழக்கம், அணைத்து ஆன் செய்வது அரிது என்பதால், ஆன் செய்யும்போது வரும் இந்த எச்சரிக்கை என் கண்ணில் படவே இல்லை. பிறகு சுவரிலிருந்து அதே வகை அடாப்டர் ஒன்றை எடுத்துச் செருகினார். முன்பக்கத்து வெள்ளை விளக்கு எரிந்தது. 31இல் நின்றிருந்த எண் சில நிமிடங்களில் 32 ஆனது. மறுபடி என் அடாப்டரைச் செருகி, முனையை ஒட்டிய வயரின் கழுத்தை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல வளைத்தார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. மூன்று முறை வளைத்துக் காட்டினார், மூன்று முறையும் அப்படியே. “எல்லாரும் பேட்டரி மேல பழியைப் போட்டுடுவாங்கம்மா. பேட்டரி என்ன பண்ணும், அதுக்குச் சேதியே போகலையே” என்றார்.

அந்தச் சேதி என்னவென்று பொறுமையாக விளக்கினார். என் சொற்களில் தருகிறேன். டெல் முதலிய சில நிறுவனங்களின் உருளை முனை அடாப்டர்களில், முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் பாய்வது ஊசியைச் சுற்றியுள்ள உட்புற, வெளிப்புற உலோக வளையங்கள் வழியாகத்தான். ஊசி, அடாப்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கானது: நான் இந்த நிறுவனத்தின் அடாப்டர், என் திறன் 65 வாட் என்று அது கணினிக்குச் சொல்லும். அந்தச் செய்தி வராவிட்டால், திறன் குறைந்த அடாப்டராக இருக்கலாம் என்று கணினி எச்சரிக்கையாகி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. செயலியின் (பிராசசர்) வேகத்தையும் குறைத்துக்கொண்டு, கிடைக்கும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வளையங்களில் 19.5 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு அடாப்டர் சரியாகவே தோன்றும். முதல் மையத்தின் இளைஞர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். கையருகே இன்னோர் அடாப்டரை எடுத்துச் செருகிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

டைப்-சி வழியே சார்ஜ் ஆகும் கணினிகளில் இந்த ஊசி இல்லை. அங்கே அடாப்டரும் கணினியும் 5, 9, 15, 20 வோல்ட் என்று பேசி முடிவுசெய்துகொள்ளும். அந்த வகைக் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளை. கைப்பேசியோடு வந்த சாதாரணக் கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் தேவையென்றால் அடையாளச் சில்லு பதித்த கேபிள் வேண்டும். கைப்பேசி சார்ஜரைச் செருகிவிட்டு மடிக்கணினி சார்ஜ் ஆகவில்லை என்று வருகிறவர்கள் வாரத்துக்கு இருவராவது உண்டு என்று அந்தத் தம்பி சொன்னார்.

எனக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்கள். புதிய ஒரிஜினல் அடாப்டர் 1,900 ரூபாய். முனையோடு கூடிய வயரை மட்டும் மாற்றினால் 450 ரூபாய். வயரை மாற்றச் சொன்னேன். பழைய வயரின் கழுத்தை வெட்டி உறையை உரித்து என் கையில் கொடுத்தார். தடித்த இரண்டு கம்பிகள் நன்றாக இருந்தன. நூல்போல் இருந்த நீல உறைக் கம்பி மட்டும் உள்ளே இற்றுப் போயிருந்தது. பையில் வைக்கும்போதெல்லாம் அடாப்டரைச் சுற்றி வயரை இறுக்கிச் சுருட்டுவது என் வழக்கம். நான்கு ஆண்டுகளாக நானே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்த கம்பி அது. அடாப்டரின் பெட்டியை ஓரத்து இணைப்பில் பிளந்து, உள்ளே உள்ள மின்தேக்கியில் தங்கிய மின்சாரத்தை வடித்த பிறகே கை வைத்தார். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் அடாப்டருக்குள் அந்த மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் என்பதால் இந்த வேலையை வீட்டில் யாரும் முயலக் கூடாது. மூன்று கம்பிகளையும் சால்டர் வைத்து, பெட்டியை ஒட்டி, ஒரு மணி நேரம் கணினியோடு ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே கொடுத்தார்.

இதற்கிடையில் நானாகவே, பேட்டரியையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். விற்றிருந்தால் அவருக்கு லாபம். அவரோ விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி அறிக்கையை எடுத்தார். புதிதாக இருந்தபோது 42,000 மில்லிவாட் மணி கொண்ட பேட்டரி, இப்போது முழுதாக ஏறினால் 29,400 தான் கொள்கிறது. அதாவது 70 விழுக்காடு. நிறைந்து தீர்ந்த சுற்றுகள் 410. “வயசாயிடுச்சு, ஆனா சாகலை. இரண்டு மணி நேரம் தாங்கும். தொடு பலகை மேல தூக்கிக்கிட்டு வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு ஓடி வாங்க” என்றார். தொடு பலகை தூக்கினால் அடியில் பேட்டரி உப்புகிறது என்று பொருள். அந்த நிலையில் சார்ஜ் போடுவதோ அழுத்திப் பார்ப்பதோ தீயில் முடியலாம். பேட்டரி மாற்றும் காலம் வரும்போது, அதன்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 குறியும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கவும், பொருத்திய அன்றே இதே அறிக்கையை எடுத்து, கொள்ளளவும் சுற்று எண்ணிக்கையும் புதிய பேட்டரிக்கு உரியவைதாமா என்று சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். புதிது என்று விற்கப்படும் பேட்டரியில் 200 சுற்றுகள் ஓடியிருந்தால் அது எங்கிருந்தோ கழற்றிய பேட்டரிதான்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமன்று. மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை. முதியவர்கள் ஏறுவது கடினம். உட்கார ஒரே ஒரு முக்காலி. ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். வயருக்கு மூன்று மாத உத்தரவாதம் என்பதையும் நான் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. கணினியை விட்டுச் செல்பவர்களிடம் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி மேசையிலேயே ஒட்டி வைக்கிறார்கள். இது மாற வேண்டும். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, கழற்றிய பழைய பேட்டரிகளை, உப்பியவை உட்பட, மேசைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்ததுதான். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழைய பேட்டரிகளை மறுசுழற்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் சிறிய அறையில், சால்டர் கம்பிக்குக் கீழே அவை கிடப்பதைப் பார்க்க அச்சமாக இருந்தது. உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். மறுத்துப் பேசவில்லை, வாங்குகிறவர் வாரம் ஒருமுறை வருவார் என்றார். குறைந்தது மணல் நிரப்பிய உலோகப் பெட்டியிலாவது வைக்கலாம்.

மூன்று மாதங்கள் ஆகின்றன. சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, கணினியின் வேகமும் திரும்பிவிட்டது. வயரை இப்போது பெரிய வளையமாகத் தளரச் சுற்றி, முனையின் கழுத்து மடியாமல் பையில் வைக்கிறேன். பேட்டரியை அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் இந்தக் கடைக்கே செல்வேன். ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாலையில் கூட்டம் நெருக்கும் என்பதால் வேலை நாளில் காலை பதினொரு மணிக்குள் சென்றால் உங்கள் கண்முன்னே உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார்கள். கணினியோடு அடாப்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.